அளக்காமல் எழுதப்படும் யூனிட்டுகள்

தில்லி ஆர்.கே.புரம் என்றதும் தமிழர்களுக்கு மலைமந்திரும் தில்லித் தமிழ்ச் சங்கமும் நினைவுக்கு வரும். ஒன்றிய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த அந்தப் பகுதியில்தான் சேவா பவன் என்ற அலுவலகக் கட்டடமும் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் தலைமையிடம் அது. நாட்டில் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாயிற்று, அதில் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் சென்றது எவ்வளவு, வழியில் காணாமற்போனது எவ்வளவு, பத்தாண்டுகள் கழித்து எவ்வளவு தேவைப்படும் என்ற அகில இந்திய எண்கள் அங்கிருந்துதான் வெளிவருகின்றன. நாடாளுமன்றத்தில் மின்துறை அமைச்சர் வாசிக்கும் பதில்களுக்கும், மாநில அரசுகளின் மீது விதிக்கப்படும் நிபந்தனைகளுக்கும், தனியார்மயத்துக்கு ஆதரவாக எழுதப்படும் தலையங்கங்களுக்கும் அந்த எண்களே ஆதாரம்.

2025 அக்டோபரில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் கருத்துக் கேட்டு வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதா வரைவும் அவற்றின் மீதே நிற்கிறது. உற்பத்தி ஆலைகள், ரயில்வே, மெட்ரோ ஆகியவை சுமக்கும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளுக்குள் ஒழிப்பது, அடக்கவிலையை முழுமையாகப் பிரதிபலிக்கும் கட்டணம் விதிப்பது, பொதுத்துறை போட்டுவைத்த கம்பிகளின் வழியாகவே தனியார் நிறுவனங்களும் மின்சாரம் விற்க வழிசெய்வது என்பவை அந்த வரைவின் சாரம். விநியோக நிறுவனங்கள் நட்டத்தில் மூழ்குகின்றன, அதற்கு மானியங்களே காரணம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த மானியம் எத்தனை யூனிட்டுக்கு, அந்த யூனிட்டுகளை எண்ணியது யார், எதைக் கொண்டு எண்ணினார்கள் என்ற கேள்விகள் மட்டும் அநேகமாக எழுவதே இல்லை.

மத்திய மின்சார ஆணையம் 1948ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டத்தின்கீழ் உருவானது. 1951 முதல் பகுதிநேர அமைப்பாகவும், 1975 முதல் முழுநேர அமைப்பாகவும் இயங்கிவருகிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 73ஆவது பிரிவு, உற்பத்தி முதல் பயன்பாடு வரையிலான தரவுகளைத் திரட்டிப் பதிவு செய்யும் கடமையையும், திரட்டியதை அவ்வப்போது மக்களுக்கு வெளியிடும் கடமையையும் அதற்கு அளிக்கிறது. தரவுகளைத் தரவேண்டியது உரிமம் பெற்ற நிறுவனங்களின் பொறுப்பு என்கிறது 74ஆவது பிரிவு. எந்தப் படிவத்தில், எந்தக் காலக்கெடுவுக்குள் என்பதை 2007ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் வரையறுக்கின்றன. சட்டத்தில் குறையில்லை. ஆனால் சேவா பவனில் இருப்பவர்கள் எந்த ஊரின் மின்மாற்றியையும் அளப்பதில்லை. மாநில நிறுவனங்கள் நிரப்பி அனுப்பும் படிவங்களைச் சேர்த்துக் கூட்டுகிறார்கள்; முரண்பட்டால் விளக்கம் கேட்கிறார்கள்; பதில் வராவிட்டால் முந்தைய ஆண்டின் போக்கைக் கொண்டு நிரப்ப வேண்டிய நிலைக்கும் ஆளாகிறார்கள். அந்தப் பொறியாளர்களைக் குறைசொல்வதில் பொருளில்லை. எண் பிறக்கும் இடம் வேறு.

மின்சாரத்துக்கு இவ்வாறென்றால், நிலக்கரிக்கு நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு, காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு கணக்கர் உண்டு. இவர்கள் தருவதையெல்லாம் ஒரே அளவைக்கு மாற்றி, ஆண்டுதோறும் 'எரிசக்திப் புள்ளிவிவரங்கள்' என்ற தொகுப்பாக வெளியிடுவது புள்ளியியல் அமைச்சகம். நிலக்கரி டன்னிலும், மின்சாரம் யூனிட்டிலும், எரிவாயு கன மீட்டரிலும் வருவதால் எல்லாவற்றையும் வெப்ப அலகாக மாற்றித்தான் கூட்டியாக வேண்டும். ஒரு டன் நிலக்கரியில் எவ்வளவு வெப்பம் இருக்கிறதென்று எழுதுவதே ஒரு தகராறு. சுரங்க வாயிலில் ஒரு தரமும் அனல்மின் நிலைய வாயிலில் அதைவிடத் தாழ்ந்த தரமுமாகப் பதிவான நிலக்கரிக்கு எந்தத் தரத்தின் விலையைக் கொடுப்பது என்று இரு பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டதுண்டு. இறக்குமதி நிலக்கரியின் விலை காகிதத்தில் கூட்டிக் காட்டப்பட்டதாக 2016இல் வருவாய்ப் புலனாய்வு இயக்ககமே எச்சரிக்கை விடுத்தது. அந்தக் கூடுதல் விலை கடைசியில் ஏறியது மின்கட்டணத்தில்தான்.

இருப்பினும் நிலக்கரியை எடைபோடலாம், எண்ணெயை லிட்டரில் அளக்கலாம். எண்ணிக்கை முற்றிலும் மதிப்பீட்டின் கையில் போய்விடுகிற இடம் ஒன்று உண்டென்றால், அது உழவரின் பம்புசெட்.

பம்புசெட்டில் மீட்டர் இல்லாதபோது அது எத்தனை யூனிட் எடுத்தது என்பதை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். இணைப்புகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது, ஒவ்வொன்றின் குதிரைத்திறனையும் அதே பதிவேட்டிலிருந்து எடுப்பது, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்பதைச் சில மாதிரி மீட்டர்களைக் கொண்டோ, பழைய வழக்கத்தைக் கொண்டோ, வெறும் அனுமானத்தைக் கொண்டோ முடிவு செய்வது, மூன்றையும் பெருக்குவது. ஒரு குதிரைத்திறன் என்பது 0.746 கிலோவாட். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால், மோட்டாரின் திறன்குறைவை விட்டுவிட்டாலும், 3.73 யூனிட். ஒரு மாநிலத்தில் இத்தகைய பம்புசெட்டுகள் 10 லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 100 மணி நேரம் கூடுதலாக ஓடியதாக எழுதிவிட்டால் போதும்: 37.3 கோடி யூனிட் காகிதத்தில் பிறந்துவிடும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் சுமார் 224 கோடி ரூபாய். 100 மணி நேரம் என்பது நாளொன்றுக்குப் பதினாறரை நிமிடம். வறண்ட கிணறும் பழுதான மோட்டாரும் தரிசாகக் கிடந்த போகமும் பதிவேட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படிப் பிறக்கும் யூனிட்டுகள் வேறொரு கணக்கைச் சரிசெய்யப் பயன்படுகின்றன. துணைமின் நிலையத்திலிருந்து வெளியேறிய மின்சாரம் எவ்வளவு என்பது தெரியும். மீட்டர் பொருத்திய வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் விற்றது எவ்வளவு என்பதும் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இரண்டு பெயர்களில் பிரித்து எழுதலாம்: ஒன்று வேளாண் நுகர்வு, மற்றொன்று இழப்பு. இழப்பு கூடினால் நிர்வாகத்தின் தலைக்குக் கேடு. வேளாண் நுகர்வு கூடினாலோ மாநில அரசிடமிருந்து மானியம் கிடைக்கும். எந்தப் பெயரின்கீழ் அதிகம் எழுதப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. பழைய கம்பிகளிலும் சுமை தாங்காத மின்மாற்றிகளிலும் வீணாவதும், சில இடங்களில் ஆலைகளும் பெரும் வணிக நிறுவனங்களும் திருடிக்கொள்வதும், மீட்டர் இல்லாத உழவரின் பெயரில் வரவு வைக்கப்படும்.

இது இடதுசாரிகளின் குற்றச்சாட்டு மட்டுமல்ல. மின்துறையைத் தனியாருக்குத் திறந்துவிடச் சொன்ன உலக வங்கியே 2001இல் ஆந்திரத்திலும் ஹரியானாவிலும் பாசன மின்சாரம் பற்றி ஆய்வு நடத்தியது. ஹரியானாவில் பம்புசெட்டுகள் உண்மையில் எடுத்த மின்சாரம், நிறுவனத்தின் கணக்கைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. அகில இந்தியக் கணக்கும் அதையே காட்டிற்று. 1990-91இல் மின்கடத்தல், விநியோக இழப்பு சுமார் 23 விழுக்காடு என்று பதிவாகியிருந்தது. 2000-01இல் அது சுமார் 33 விழுக்காடு. பத்தாண்டில் நாட்டின் கம்பிகள் அவ்வளவு மோசமாகிவிடவில்லை. மின்வாரியங்களைத் துண்டாடி விற்பதற்கு முன்னோட்டமாகக் கணக்குகள் மறுபடி எழுதப்பட்டபோது, அதுவரை உழவர் பயன்படுத்தியதாகக் காட்டப்பட்டதில் ஒரு பகுதி இழப்பு என்ற தன் சொந்தப் பெயரைப் பெற்றது. ஒடிசாவில் நடந்ததும் ஆந்திரத்தில் நடந்ததும் இதுவே. உழவரை ஊதாரி என்று பத்தாண்டுகளாக ஏசியவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

தமிழகத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை வட்டாரத்து உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். 1972இல் கோவை நகரம் மாட்டுவண்டிகளால் நிரம்பியது. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான வேளாண் இணைப்புகள் இருக்கின்றன. ஆகையால் கிணற்றடியில் மீட்டர் பொருத்த வருகிறார்கள் என்ற செய்தி ஒவ்வொரு முறையும் ஊரைத் திரட்டிவிடுகிறது. மீட்டர் வந்தால் பில் வரும், பில் வந்தால் ஒருநாள் பணம் கட்டச் சொல்வார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல. ஒன்றிய அரசின் நடவடிக்கைகள் ஒவ்வொன்றும் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவே செய்கின்றன. 2021-22 முதல் நான்காண்டுகளுக்கு மாநில உற்பத்தி மதிப்பில் 0.5 விழுக்காடு கூடுதலாகக் கடன் வாங்க அனுமதி வேண்டுமானால், மின்துறைச் சீர்திருத்தங்களைச் செய்துகாட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. வேளாண் இணைப்புகளுக்கு மீட்டர் பொருத்துவது அந்தப் பட்டியலில் இருந்தது. தெலங்கானா மறுத்தது; ஆந்திரம் ஒப்புக்கொண்டது.

2021இல் அறிவிக்கப்பட்ட விநியோகத் துறைச் சீரமைப்புத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள் அதன் மையம். மீட்டர் வாங்குவது, பொருத்துவது, பராமரிப்பது, தரவைக் கையாள்வது என அனைத்தையும் ஒரே தனியார் ஒப்பந்ததாரரிடம் பல ஆண்டுகளுக்கு ஒப்படைத்து மாதாமாதம் பணம் கட்டும் ஏற்பாட்டைத்தான் ஒன்றிய அரசு வற்புறுத்துகிறது. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்து, மின்வாரியமே முதலீடு செய்து நடத்தும் மாற்றுவழியை முன்வைத்தது. தமிழகத்திலும் ஒப்பந்தப்புள்ளிகளில் கோரப்பட்ட விலை மிக அதிகம் என்று கூறி 2024 டிசம்பரில் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நுகர்வைப் பற்றிய கணக்கு முழுவதும் தனியாரின் கணினிக்குப் போய்விட்டால், சேவா பவனுக்கு வரும் படிவத்தில் எந்த எண்ணை எழுதுவது என்பதையும் நடைமுறையில் அவர்களே தீர்மானிப்பார்கள்.

இயக்கத்துக்குள்ளும் இது பற்றித் தெளிவு வேண்டியிருக்கிறது. ப்ரீபெய்டு மீட்டரை எதிர்ப்பது வேறு. அளப்பதையே எதிர்ப்பது வேறு. அளக்கப்படாத இருட்டில் ஆதாயம் பெற்றவர் உழவர் அல்லர் என்பதற்கு ஹரியானா சாட்சி. வேளாண் நுகர்வை அறிய ஒவ்வொரு கிணற்றிலும் கருவி வைக்க வேண்டிய தொழில்நுட்பக் கட்டாயமும் இல்லை. பம்புசெட்டுகளுக்கென்று தனியாக ஃபீடர் பிரிக்கப்பட்டிருந்தால், துணைமின் நிலையத்தில் ஒரு மீட்டர், ஒவ்வொரு மின்மாற்றியிலும் ஒரு மீட்டர் இருந்தாலே போதும். யாரிடமும் பணம் கேட்காமல், யார் வீட்டு வாசலிலும் நிற்காமல், எத்தனை யூனிட் போனதென்று தெரிந்துவிடும். குஜராத் இருபதாண்டுகளுக்கு முன்பே ஃபீடர்களைப் பிரித்தது. அங்கு எந்தக் கட்சி ஆண்டது என்பதற்காக அந்தத் தொழில்நுட்பத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

மேற்கு வங்க இடது முன்னணி அரசு 2007 முதல் பாசனக் குழாய்க் கிணறுகளுக்கு மீட்டர் பொருத்திய அனுபவத்தையும் மறைப்பின்றிப் பார்க்க வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணம், தொலைவிலிருந்தே வாசிக்கும் கருவி என அது நேர்த்தியாக நடந்த முயற்சி. பம்பு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு முன்பிருந்த நிலைக்கட்டணத்தைவிடச் செலவு குறைந்தது. ஆனால் சொந்தப் பம்பு இல்லாமல் பக்கத்துக்காரரிடம் தண்ணீர் வாங்கிப் பயிரிட்ட சிறு விவசாயிக்குத் தண்ணீரின் விலை ஏறியது என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. நிலைக்கட்டணம் இருந்தபோது கூடுதலாக ஓட்டித் தண்ணீர் விற்பது பம்புக்காரருக்கு லாபம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் என்றானபோது அந்தக் கணக்கு மாறிவிட்டது. அளவீடு யார் தலையில் போய் விழுகிறது என்பதைக் கிராமத்து வர்க்க உறவுகளுக்குள் வைத்துப் பார்க்காமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் பயன் தராது.

கடந்த காலக் கணக்கு இப்படியென்றால், எதிர்காலக் கணக்கில் புழங்கும் தொகை இன்னும் பெரிது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மத்திய மின்சார ஆணையம் மின்தேவை ஆய்வறிக்கை வெளியிடுகிறது. 18ஆவது அறிக்கை 2011இல் வந்தது. 2016-17இல் நாட்டின் உச்ச மின்தேவை 1,99,540 மெகாவாட்டாக இருக்கும் என்றது. அந்த ஆண்டு உண்மையில் பதிவான உச்சத் தேவை 1,59,542 மெகாவாட். வித்தியாசம் ஏறத்தாழ 40,000 மெகாவாட். 2021-22க்கு அதே அறிக்கை சொன்னது 2,83,470, வந்தது 2,03,014. இடையில் 2017இல் வெளியான 19ஆவது அறிக்கை 2021-22க்கான மதிப்பை 2,25,751 ஆகக் குறைத்துக்கொண்டது. அதுவும் மிகையாகவே முடிந்தது. கொரோனா முடக்கத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் 2016-17இன் தவறைப் பெருந்தொற்றின் மீது சுமத்த இயலாது.

பத்தாண்டுக்குப் பின் வருவதை எவரும் துல்லியமாகச் சொல்ல முடியாதுதான். வளர்ச்சி விகிதம் இன்னதென்று அரசு அறிவித்த கனவை அடிப்படையாக வைத்துக்கொண்டால், தேவை அதற்கேற்ப ஏறித்தான் தெரியும். அந்த எண்ணைக் காட்டித்தான் தனியார் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரிச் சுரங்கங்களும் பொதுத்துறை வங்கிக் கடன்களும் வாரி வழங்கப்பட்டன. விநியோக நிறுவனங்கள் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் தரவேண்டும் என்பது அவ்வொப்பந்தங்களின் விதி. 2018 மார்ச்சில் எரிசக்திக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 34 நிலக்கரி மின்திட்டங்கள், சுமார் 40,000 மெகாவாட் திறன், நெருக்கடியில் சிக்கியிருப்பதாகப் பட்டியலிட்டது. மேலே சொன்ன 40,000மும் இந்த 40,000மும் ஒன்றல்ல. எரிபொருள் தட்டுப்பாடு, ரத்தான சுரங்க ஒதுக்கீடு, முதலாளிகளின் நிதித் தில்லுமுல்லு எனக் காரணங்கள் பல. ஆனாலும் வராத தேவையை வரும் என்று எழுதியதும் அக்காரணங்களில் ஒன்று. வங்கிகள் கடனைத் தள்ளுபடி செய்தன. திவால் நடைமுறையில் ஆலைகள் மலிவாகக் கைமாறின. ஓடாத ஆலைக்கான நிலைக்கட்டணம் விநியோக நிறுவனத்தின் நட்டத்தில் சேர்ந்தது. அந்த நட்டத்துக்குக் காரணம் இலவச மின்சாரம் என்று இப்போது சொல்லப்படுகிறது.

2022 நவம்பரில் வெளியான 20ஆவது அறிக்கை 2031-32இல் உச்சத் தேவை 3,66,400 மெகாவாட் என்கிறது. 2024 மே 30 அன்று உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது என்பதால் இம்முறை கணக்கு பலிக்கவும் கூடும். பலிக்குமா என்பதைவிட, எந்த அனுமானங்களின் மேல் அது கட்டப்பட்டது என்பதை நாடாளுமன்றமும் தொழிற்சங்கங்களும் விவாதிக்க வாய்ப்புண்டா என்பதே முக்கியம். இதுவரை அத்தகைய விவாதம் நடந்ததில்லை.

2024-25இல் நாட்டின் மின்பற்றாக்குறை 0.1 விழுக்காடுதான் என்று ஒன்றிய அரசு பெருமிதத்துடன் அறிவித்தது. பற்றாக்குறை என்பது எப்படிக் கணக்கிடப்படுகிறது? வழங்கப்பட்ட மின்சாரத்துடன், அறிவித்துச் செய்த மின்வெட்டைக் கூட்டித் தேவை என்று வைத்துக்கொள்கிறார்கள். அறிவிக்காமல் இருளடைந்த மாலைகளும், பழுதான மின்மாற்றிக்காக ஊர் காத்திருந்த வாரங்களும், பணமில்லாமல் நிறுவனம் வாங்காமல் விட்ட மின்சாரமும், இணைப்பே இல்லாத வீடும், கட்டணத்துக்கு அஞ்சி விசிறியை நிறுத்திவைக்கும் குடும்பமும் இந்தத் தேவைக்குள் வருவதில்லை. வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் பசியில்லை என்று அறிக்கை விடுவது போன்றது இது.

இந்த வழக்கம் பழையது. 1997 வரை, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்த உபயோகத்துக்காவது மின்சாரம் இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையாரின் பம்புசெட் ஓடினாலே போதுமானது. 2004இல் வரையறை திருத்தப்பட்டு, பத்தில் ஒரு வீட்டுக்கு இணைப்பும், பள்ளி, ஊராட்சி அலுவலகம் போன்ற பொது இடங்களில் மின்சாரமும் இருக்க வேண்டும் என்றானது. 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லைசாங் கிராமத்துடன் நாட்டின் எல்லாக் கிராமங்களும் ஒளிபெற்றுவிட்டதாகப் பிரதமர் அறிவித்தது இந்த வரையறையின்படிதான். பத்தில் ஒன்பது வீடுகள் இருட்டில் இருந்தாலும் கிராமம் ஒளிபெற்றதாகவே பட்டியலில் இருக்கும். சமையல் எரிவாயுவிலும் இதே கதை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புகளின் எண்ணிக்கை விளம்பரப் பலகைகளை நிறைத்தது. பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்குகிறார்கள் என்று 2019இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதியது எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

மீதி நாட்களில் அந்த வீடுகளில் எரிவது விறகு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 49 விழுக்காட்டுக் குடும்பங்கள் விறகிலும், சுமார் 9 விழுக்காடு பயிர்த் தட்டைகளிலும், சுமார் 8 விழுக்காடு சாண வறட்டியிலும் சமைத்தன. பன்னாட்டு எரிசக்தி முகமை இவற்றை மதிப்பிட்டு இந்தியாவின் எரிசக்திக் கணக்கில் சேர்க்கிறது. இந்திய அரசின் எரிசக்திச் சமநிலை அட்டவணையோ நெடுங்காலம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. விலைக்கு விற்கப்பட்டது கணக்கில் ஏறியது. ஏழைப் பெண்கள் மைல்கணக்கில் நடந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தது ஏறவில்லை. பெண்ணின் உழைப்பு தேசிய வருமானத்தில் இல்லாததுபோலவே, அந்த உழைப்பு திரட்டிய எரிபொருளும் தேசிய எரிசக்திக் கணக்கில் இல்லை.

விறகையும் வறட்டியையும் மண்ணெண்ணெயையும் வீட்டு வாசலில் கேட்டறிந்து எழுதியவர்கள் தேசிய மாதிரி ஆய்வின் களப்பணியாளர்கள். அந்தக் களப்பணிப் பிரிவின் தலைமை அலுவலகமும் நெடுங்காலம் ஆர்.கே.புரத்தின் கிழக்குத் தொகுதிக் கட்டடத்தில்தான் இயங்கியது. மகலனோபிஸ் காலத்தில் உலகமே வியந்து பார்த்த அந்த அமைப்புக்கு நேர்ந்ததைத் தோழர்கள் அறிவர். 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வு, கிராமப்புற மக்களின் நுகர்வு வீழ்ந்ததைக் காட்டியதால், 2019 நவம்பரில் மோடி அரசு அதை வெளியிடாமலே கைவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில், வேலையின்மை பற்றிய அறிக்கை முடக்கப்பட்டதையொட்டித் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் பதவி விலகியிருந்தனர். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிற்று. அடுப்பில் என்ன எரிகிறது என்பதற்கு வீடுதோறும் எடுத்த முழுக் கணக்கு இன்றும் 2011இன் கணக்குத்தான். கேட்டறிந்த எண் இல்லாத இடத்தை அமைச்சகங்களின் விளம்பர எண்கள் நிரப்புகின்றன. எல்.இ.டி. விளக்குகளால் இத்தனை கோடி யூனிட் மிச்சமாயிற்று என்ற அறிவிப்பும் அவ்வகைதான்: விநியோகித்த பல்புகளின் எண்ணிக்கையை, நாளுக்கு இத்தனை மணி நேரம் எரிந்திருக்கும் என்ற அனுமானத்தால் பெருக்கிக் கிடைத்த விடை. ஃபியூஸ் போன பல்பும் அந்தக் கணக்கில் மிச்சப்படுத்திக்கொண்டே இருக்கிறது.

மின்சாரத் திருத்த மசோதாவைத் திரும்பப் பெறுவது தில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் ஒன்று. சம்யுக்த கிசான் மோர்ச்சாவைக் கலந்து பேசாமல் அதைக் கொண்டுவருவதில்லை என்று 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு எழுத்தில் உறுதியளித்தது. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகம் செய்ததும், இப்போது புதிய வரைவை வெளியிட்டிருப்பதும் அந்த உறுதிமொழிக்குப் பிறகுதான். இதற்கெதிராக மின் ஊழியர்களும் விவசாயிகளும் கூட்டாகத் தொடரும் இயக்கத்தில், கட்டணமும் தனியார்மயமும் முதன்மையான முழக்கங்களாக இருப்பது இயல்பு. கணக்கைத் திற என்பதும் அவற்றுடன் சேர வேண்டும். ஒவ்வொரு ஃபீடரின் மாதாந்திர அளவீடும், வேளாண் நுகர்வை மதிப்பிட்ட முறையும், எத்தனை மாதிரி மீட்டர்கள் எங்கே உள்ளன, அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்ற விவரமும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். கருவியும் தரவும் பொதுத்துறையின் கையில் இருக்க வேண்டும். மின்தேவை ஆய்வறிக்கையின் அனுமானங்கள் நாடாளுமன்றத்தின் முன் வரவேண்டும். கணக்கெடுப்புகளின் முடிவுகளை வெளியிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சர்களிடம் இருக்கக் கூடாது.

இவற்றில் ஒரு பகுதிக்குத் தில்லிவரை போகவேண்டிய அவசியமும் இல்லை. விநியோக நிறுவனம் கட்டணத்தை மாற்றக் கோரும் ஒவ்வொரு முறையும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு அளிக்கிறது. அந்த மனுவில் வேளாண் நுகர்வு, குடிசை இணைப்புகளின் நுகர்வு, இழப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண் இருக்கும். எப்படி மதிப்பிட்டார்கள் என்ற விளக்கமும் இருந்தாக வேண்டும். மனுவின்மீது பொதுமக்கள் கருத்துக் கூறும் கூட்டங்களும் நடக்கின்றன. ஆலை உரிமையாளர் சங்கங்கள் அங்கே வழக்கறிஞர்களுடனும் கணக்காயர்களுடனும் வந்து அமர்கின்றன. விவசாயிகள் சங்கத்தின் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. ஓர் ஒன்றியத்திலுள்ள பம்புசெட்டுகளில் எத்தனை இயங்குகின்றன, எத்தனை கிணறுகள் வற்றிவிட்டன, மும்முனை மின்சாரம் நாளுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதைக் கிளைகள் ஒரு போகத்துக்கு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பது கடினமான வேலையன்று. துணைமின் நிலையத்தில் பணிபுரியும் மின் ஊழியர் சங்கத் தோழர்களிடம் ஃபீடரின் மீட்டர் வாசிப்பைப் பற்றிய அனுபவ அறிவு இருக்கிறது. அடுத்த கட்டண மனு விசாரணைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்து மேசையில் வைக்க முடியும்.